அம்மாவின் தகர டப்பா

மருத்துவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணி வளர்ந்தவர்கள் நாம். அவர் கட்டிலருகே வந்ததும் எழுந்து நிற்போம், கைகளைக் கட்டிக்கொள்வோம், சொல்வதற்கெல்லாம் தலையசைப்போம். அவர் அடுத்த கட்டிலுக்குப் போன பின்னர், "டாக்டர் என்ன சொன்னார்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். நானும் அவ்வாறே இருந்தேன். அந்தப் பணிவினால் என்னைப் பெற்றவளை இழக்கும் நிலைக்கு வந்தேன். என் பிழையை மறைக்காமல் அந்த நாட்களைப் பற்றி எழுதுகின்றேன். நம் குடும்பங்களில் எவருக்கேனும் ஒருநாள் இது பயன்படக்கூடும்.

எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்கு அருகில் இருக்கின்றது. அப்பா இளவயதிலேயே காலமாகிவிட்டபடியால், அம்மா பஞ்சாலைக்கு வேலைக்குப் போய் எங்கள் இருவரையும் வளர்த்தார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் பஞ்சுத் தூசிக்கு நடுவே நின்ற நெஞ்சு அது. வேலையை விட்டபோது அம்மாவுடன் வீட்டுக்கு வந்தது இரைப்பு நோய். 2009ஆம் ஆண்டு மழைக்காலத்தில் மூச்சு முட்டி, உட்கார்ந்தபடியே இரவுகளைக் கழித்தார்கள். பக்கத்து ஊர் மருத்துவர் ஒருவர் சிறிய வெள்ளை மாத்திரையை எழுதிக் கொடுத்தார். காலையில் இரண்டு. மூன்றாம் நாளே அம்மா எழுந்து முற்றம் பெருக்கினார்கள். அதன்பின் அந்த மருத்துவரிடம் நாங்கள் திரும்பப் போகவில்லை. மாதந்தோறும் மளிகைச் சாமான் வாங்கும்போது, எதிரிலிருந்த மருந்துக் கடையில் அந்த மாத்திரையையும் நானே வாங்கி வந்தேன். பழைய அட்டையைக் காட்டினால் புதிய அட்டையைக் கொடுத்துவிடுவார்கள். இப்படியே ஒன்பது ஆண்டுகள் ஓடின.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அம்மா மெலியத் தொடங்கினார்கள். மலத்தில் இரத்தம் போவதை மூலம் என்று தாமே முடிவு செய்து, எவரிடமும் சொல்லாமல் இருந்திருக்கின்றார்கள். கோயிலில் முழந்தாளிட்டு எழுந்திருக்கும்போது தலைசுற்றி விழுந்த பிறகுதான் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்துச் சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். பெருங்குடலில் புற்றுநோய். கல்லீரலுக்கு இன்னும் பரவவில்லை, அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்றார்கள்.

அம்மாவிடம், "குடலில் புண், வெட்டி எடுத்தால் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்வதென நானும் என் தங்கையும் முடிவு செய்தோம். அதை அன்பு என்றே எண்ணினோம்.

அக்டோபர் முதல் வாரத்தில் மதுரையிலுள்ள ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். இளம் மருத்துவர் ஒருவர் தாளும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தார். சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, இருதய நோய் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். இழுப்பு எப்போதாவது வரும் என்றேன். "வழக்கமாக ஏதாவது மாத்திரை சாப்பிடுகின்றார்களா?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா" என்று சொன்னேன்.

நான் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அந்த வெள்ளை மாத்திரை என் நினைவுக்கே வரவில்லை. உப்பும் புளியும் போல அது எங்கள் வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிட்டிருந்தது. மாத்திரை என்றால் பெரிய வியாதிக்கு, பெரிய மருத்துவர் எழுதிக் கொடுப்பது என்றே என் மனம் கொண்டிருந்தது. "மாத்திரை எதுவுமில்லை" என்று அவர் எழுதிக்கொண்டார். பின்னர் மயக்க மருந்து கொடுப்பவர் வந்தார். அந்தத் தாளைப் பார்த்துத் தம் தாளில் எழுதிக்கொண்டார். செவிலியரும் அதைப் பார்த்தே எழுதினார். ஒருமுறை தாளில் ஏறிய பிழை, தாளுக்குத் தாள் ஏறிக்கொண்டே போயிற்று.

இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். சேர்த்த ஆறாம் நாள் அறுவை நடந்தது. நன்றாக முடிந்தது என்று பெரிய மருத்துவர் கைகுலுக்கிச் சொன்னார். மறுநாள் காலை அம்மா கண்விழித்துப் பேசினார்கள். அன்று மாலை வாந்தி தொடங்கியது. இரவில் இரத்த அழுத்தம் 80க்குக் கீழே இறங்கிவிட்டது. உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அடுத்த மூன்று நாட்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு நடுங்குகின்றது. தைத்த குடலில் கசிவு இருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள், கசிவு இல்லை. இரத்தத்தில் கிருமி பரவியிருக்குமோ என்று சோதித்தார்கள். கிருமி எதுவும் வளரவில்லை. கிருமிக்கான மருந்தை இரண்டு முறை மாற்றினார்கள். உப்புநீர் பாட்டில் பாட்டிலாக இறங்கியது. அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மருந்து இரவும் பகலும் பம்பு வழியாக ஏறிக்கொண்டிருந்தது. அம்மாவோ எவரையும் அறியாமல் கிடந்தார்கள். "புற்றுநோய் கண்ட உடம்பு. வயதும் அறுபத்தெட்டு. அறுவையைத் தாங்கவில்லை போலும். உறவினர்களுக்குச் சொல்லிவிடுங்கள்" என்றார் மருத்துவர். நான் வழக்கம்போல் தலையசைத்தேன்.

அன்று மாலை மருத்துவமனைக்கு அருகிலிருந்த பங்கின் குருவானவர் வந்து அம்மாவுக்கு நோயில்பூசுதல் கொடுத்தார். வெளியே வந்ததும் என் தங்கை, "எல்லாம் முடிந்துவிட்டதா, சாமி?" என்று அழுதாள். "இது சாகிறவர்களுக்கான எண்ணெய் என்று நினைக்காதே, அம்மா. நோயாளிகளுக்கானது. 1972ஆம் ஆண்டிலேயே திருச்சபை இதைத் தெளிவாகச் சொல்லியாயிற்று. செபத்தையும் விடாதீர்கள், டாக்டர்களிடம் கேட்பதையும் விடாதீர்கள்" என்றார் அவர்.

கேட்பதா? என்ன கேட்பது? யாரிடம் கேட்பது? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் பங்கில் ஓர் அருட்சகோதரி இருந்தார்கள். நாற்பது ஆண்டுகள் செவிலியராக உழைத்து ஓய்வு பெற்றவர்கள். அம்மாவுக்காகச் செபிக்கும்படி அவர்களைத் தொலைபேசியில் வேண்டினேன்.

"நான் செபிக்கிறேன். நீ ஒரு நோட்டு வாங்கு" என்றார்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கினேன். சிஸ்டர் சொன்னபடி ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்திகள் கோடிட்டேன்: நேரம், அம்மாவின் நிலை, கொடுத்த மருந்து. பார்க்க அனுமதிக்கும் பத்து நிமிடங்களில் செவிலியரிடம் பணிவாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். மருத்துவரிடம் கேட்பதற்கு மூன்று கேள்விகளையும் சிஸ்டரே சொல்லிக் கொடுத்தார்கள். இது எதனால் என்று நினைக்கின்றீர்கள்? வேறு எதனாலாவது இருக்க முடியுமா? நீங்கள் நினைக்கும் காரணத்தோடு ஒத்துப்போகாதது ஏதாவது இருக்கின்றதா?

மறுநாள் பதினொரு மணிக்குப் பெரிய மருத்துவர் வெளியே வந்தார். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு முதல் இரண்டு கேள்விகளையும் கேட்டேன். சுருக்கமாகப் பதில் சொன்னார். மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் சற்று நின்றார். "சர்க்கரை நோய் இல்லாதவருக்கு ஏன் சர்க்கரை இப்படி இறங்குகின்றது என்பதுதான் விளங்கவில்லை. காலையில் 58 இருந்தது. சோடியமும் 126க்கு வந்துவிட்டது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இரண்டு எண்களையும் சிஸ்டரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்து, "வீட்டில் அம்மா தினமும் என்ன சாப்பிடுவார்கள்?" என்று கேட்டார்கள்.

"ஒன்றும் இல்லை, சிஸ்டர்."

"ஒன்றுமே இல்லாத வீடு கிடையாது. மாத்திரையோ, லேகியமோ, தைலமோ, எதுவானாலும் சரி. போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் பேசு."

தங்கையை மருத்துவமனையில் விட்டுவிட்டுப் பேருந்து ஏறினேன். வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம் தாண்டியிருந்தது. திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, அம்மாவின் பழைய தகர டப்பா இருந்தது. திறந்தேன். செபமாலை, தைலப் புட்டி, அப்பாவின் சிறிய படம், அவற்றுக்கு அடியில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை. நான் வாங்கிக் கொடுத்த அட்டை.

அதிலிருந்த பெயரைத் தொலைபேசியில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிரட்னிசோலோன், 5 மில்லிகிராம்.

"எத்தனை வருடமாக?"

"ஒன்பது வருடமாக, சிஸ்டர். தினமும் இரண்டு."

"மருத்துவமனையில் கொடுக்கின்றார்களா?"

"இல்லை. நான் சொல்லவில்லை."

"இப்போதே புறப்படு. விடியட்டும் என்று இருக்காதே" என்றார்கள்.

நான் அன்று அறியாததை இன்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். நம் சிறுநீரகங்களின் உச்சியில் ஆளுக்கு இரண்டு சிறு சுரப்பிகள் உண்டு. கார்ட்டிசால் என்னும் சுரப்பை அவை நாள்தோறும் தருகின்றன. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் விழாமல் காப்பது அது. காயமோ காய்ச்சலோ அறுவையோ வந்தால் சுரப்பு பல மடங்கு கூடும். பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் அந்தச் சுரப்பின் வேலையைச் செய்பவை. வெளியிலிருந்து நாள்தோறும் வந்துகொண்டே இருந்தால், உள்ளேயிருக்கும் சுரப்பிகள் மெல்ல உறங்கிவிடுகின்றன. மாத்திரை திடீரென நின்றுபோனால் அவை உடனே விழித்துக்கொள்வதில்லை. அந்த வேளையில் அறுவையும் சேர்ந்துவிட்டால், அழுத்தம் விழும், சர்க்கரை விழும், வாந்தியும் மயக்கமும் வரும். பார்ப்பதற்குக் கிருமி பரவியதைப் போலவே இருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. மூட்டுவாத நோயாளிக்கு முதன்முதல் கார்ட்டிசோன் கொடுத்தது 1948இல். அதற்காக ஹெஞ்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் என்னும் மூவருக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1952இல், அம்மருந்தைச் சாப்பிட்டு வந்த ஒருவர் அறுவைக்குப் பின் அழுத்தம் வீழ்ந்து இறந்ததை மருத்துவர்கள் எழுதி எச்சரித்தார்கள். மருத்துவ மாணவர்கள் அனைவரும் படிக்கும் பாடம் இது. எங்கள் மருத்துவர்களுக்கும் இது தெரியும். நோயாளி அந்த மாத்திரையைச் சாப்பிட்டவர் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. அது எனக்கு மட்டுமே தெரியும்.

மருத்துவமனைக்குத் திரும்பியபோது இரவு பதினொன்றரை மணி. காவலாளியிடம் மன்றாடி மாடிக்குப் போனேன். இரவுப் பணியிலிருந்த மருத்துவர் மிகவும் களைத்திருந்தார். "காலையில் சார் வரும்போது சொல்லுங்கள்" என்றார். என் தலை அசையத் தொடங்கியதை நானே உணர்ந்தேன். ஐம்பது ஆண்டுப் பழக்கம் அல்லவா? ஆயினும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பேருந்தில் நோட்டில் எழுதி வைத்திருந்ததை அப்படியே படித்தேன்.

"டாக்டர், என் தாயார் ஒன்பது வருடமாகத் தினமும் இந்த ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்தார்கள். பதினோரு நாளாக அது நின்றுவிட்டது. நான் சொல்லாமல் விட்டது என் தவறு. அழுத்தமும் சர்க்கரையும் விழுவது இதனாலா என்று தயவு செய்து இப்போதே பாருங்கள். காலைவரை பொறுக்கலாம் என்று நீங்கள் நினைத்தால், நான் இதைக் காட்டினேன் என்பதைக் கேஸ் தாளில் எழுதிவிடுங்கள்."

நான் குரலை உயர்த்தவில்லை. தவறு என்னுடையது என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. கையை நீட்டி அட்டையை வாங்கினார். விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். பெரிய மருத்துவரைத் தொலைபேசியில் எழுப்பினார். சோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திராமல் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி போட்டார்கள். அன்றிரவு முழுவதும் அதே மருந்தைத் தொடர்ந்து ஏற்றினார்கள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு அழுத்தம் 110. பம்பு மருந்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஒன்பது மணிக்கு என்னை உள்ளே விட்டார்கள். அம்மா என்னைப் பார்த்து, "வரக்காப்பி கிடைக்குமா, தம்பி?" என்று கேட்டார்கள். நான் வெளியே ஓடிப்போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

கோபமும் வந்தது. இத்தனை பேர் இருந்தும் ஒருவரும் இரண்டாம் முறை கேட்கவில்லையே என்று மருத்துவமனையின் மீது கோபப்பட்டேன். இரைப்பு நோயாளி என்று தெரிந்திருந்தும், அதற்கு என்ன சாப்பிடுகின்றார் என்று ஒருவரேனும் கேட்டிருக்கலாமே! அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து அம்மா சொன்ன செய்தி என் வாயை அடைத்துவிட்டது.

"அந்த நர்ஸம்மாவிடம் என் சின்ன மாத்திரை எங்கே என்று கேட்டேன். டாக்டர் எழுதினதுதான் தருவோம் என்றது. உன்னிடமும் சொன்னேனே, ஐயா."

"என்னிடம் எப்போது சொன்னாய், அம்மா?"

"வந்த அன்றைக்கே. டப்பாவை எடுத்துவர மறந்துவிட்டோமே என்று."

எனக்கு நினைவு வந்தது. சொன்னது உண்மை. அக்டோபர் செபமாலை மாதம். டப்பா என்றதும் செபமாலையைத்தான் கேட்கின்றார்கள் என்று எண்ணி, "கவலைப்படாதே" என்று சொல்லிவிட்டுக் கடைவீதிக்குப் போய்ப் புதிய செபமாலை ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அம்மாவும் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. மகன் ஆசையாக வாங்கி வந்ததை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லையாம்.

அன்று நான் அறிந்துகொண்டேன்: அந்தக் கட்டிலைச் சுற்றி நாங்கள் எல்லோருமே வாயை மூடிக்கொண்டு இருந்தோம். அம்மா மகனுக்காகப் பேசவில்லை. மகன் மருத்துவருக்காகப் பேசவில்லை. நோயின் பெயரைப் பிள்ளைகள் அம்மாவிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு மௌனத்துக்கும் அன்பு, மரியாதை என்று அழகான பெயர்கள் இருந்தன. அவையெல்லாம் ஒன்றுகூடி அம்மாவைச் சாவின் வாசல்வரை கொண்டுபோயின.

ஆகவே வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அம்மாவின் அருகில் உட்கார்ந்து நோயின் பெயரைச் சொன்னேன். என் கை நடுங்கியது. அம்மா அமைதியாகக் கேட்டுவிட்டு, "குடல் புண்ணுக்கா இவ்வளவு பாடு? எனக்கு அப்போதே தெரியும். நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை" என்றார்கள். பிறகு, அடுத்து என்ன சிகிச்சை, எத்தனை மாதம், என்ன செலவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். புற்றுநோய்க்கான மருந்தை ஏற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது அம்மாவே.

2020ஆம் ஆண்டின் இறுதியில் நோய் கல்லீரலில் மீண்டும் தலைகாட்டியது. இனி மருந்து வேண்டாம், வீட்டில் இருக்கின்றேன் என்று சொன்னவர்களும் அம்மாவே. வலி வந்தபோது மறைக்கவில்லை. எவ்வளவு வலி, எந்த நேரம் என்று என்னிடம் சொல்வார்கள். நான் நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டி, வலிக்குரிய மருந்தைக் கேட்டு வாங்குவேன். 2021ஆம் ஆண்டு தவக்காலத்தில், தம் சொந்தக் கட்டிலில், எங்கள் இருவர் கையையும் பிடித்தபடி அம்மா கண்மூடினார்கள். அந்த இரவு ஊசிக்குப் பின் எங்களுக்குக் கிடைத்தவை இரண்டு ஆண்டுகளும் சில மாதங்களும். பேத்தியின் புதுநன்மையை அம்மா கண்ணாரக் கண்டது அந்த நாட்களில்தான்.

அன்பான குடும்பத்தினரே, நான் மருத்துவன் அல்லன். மகன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லி முடிக்கின்றேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தின் பெயரையும் அளவையும், எத்தனை ஆண்டாகச் சாப்பிடுகின்றார்கள் என்பதையும் இன்றைக்கே ஒரு தாளில் எழுதுங்கள். நாட்டு மருந்தையும் விட்டுவிடாதீர்கள். மருத்துவமனைக்குப் போகும்போது அந்தத் தாளோடு மருந்து டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துப் பயந்து நிறுத்திவிடக் கூடாது. அதைத் திடீரென நிறுத்துவதில்தான் ஆபத்து. மருத்துவரைக் கேட்டு அவர் சொல்லும் வழியில் நடந்துகொள்ளுங்கள்.

நோயாளியின் அருகில் ஒருவர் நோட்டுடன் இருங்கள். காரணம் விளங்காத துன்பம் நேர்ந்தால், ஒத்துப்போகாதது எது என்று கேளுங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் நோயாளியின் உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனம் சொல்கின்றது. உரிமை இருக்கின்றது என்பதற்காகச் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. அன்றிரவு அந்த இளம் மருத்துவர் என் எதிரியாக இருக்கவில்லை. அவரிடம் இல்லாத செய்தி ஒன்று என் சட்டைப் பையில் இருந்தது, அவ்வளவுதான்.

தகர டப்பா இன்றும் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழேதான் இருக்கின்றது. அதில் இரண்டு செபமாலைகள் உள்ளன. பழையது அம்மாவுடையது. புதியது நான் மதுரையில் வாங்கிக் கொடுத்தது. மாலை செபத்துக்கு நான் கையில் எடுப்பது புதியதைத்தான். அதைத் தொடும்போதெல்லாம், அம்மா அன்று கேட்டது இதுவல்ல என்பது நினைவுக்கு வருகின்றது.